இடைவெளியை அளந்தவர் யார்?

2019-ஆம் ஆண்டு சனவரி மாதம். என் பங்கில் ஒரு திருமணம். மணமகள் எங்கள் ஊர்ப் பெண்; இத்தாலி நாட்டில் செவிலியராகப் பணிபுரிபவர். மணமகன் அந்நாட்டவர். திருப்பலி நிறைவுற்று மணமக்கள் ஆலய வாசலுக்கு வந்தபோது, மணமகன் தம் நாட்டு வழக்கப்படி, வாழ்த்த வந்தோரையெல்லாம் கைகுலுக்கியும் தோளோடு தழுவியும் வரவேற்றுக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய் அருகில் வந்ததும் அவரையும் இரு கைகளால் அணைத்து, இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். அந்த அம்மாள் அப்படியே உறைந்துபோனார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எவரையும் ஏறிட்டுப் பாராமல் ஆலயத்தின் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார். இளைஞர் சிலர் சிரித்தனர். பெரியவர்கள் முகம் சுளித்தனர். மாலையில் அந்த அம்மாள் என்னிடம் வந்து, "மாப்பிள்ளை நல்லவருதான் சாமி. அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா ஊரே பார்க்க இப்படிச் செய்துட்டாரே, இனி நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்று கண் கலங்கினார்.

அதே வாசலில், அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்திருக்கின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் முதியவர் ஒருவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறார். ஊரின் தென்கோடித் தெருவைச் சேர்ந்தவர். திருப்பலியில் எப்போதும் கடைசித் தூணருகே அமர்பவர். அவர் யார், எந்தத் தெருவினர், எங்கே நிற்க வேண்டியவர் என்பதொன்றும் மணமகனுக்குத் தெரியாது. எதிரே நின்ற முதியவரின் வலக்கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் பொதிந்துகொண்டு, தாம் கற்று வைத்திருந்த 'நன்றி' என்ற ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் கல்லறைத் தோட்டத்தின் சாவியை வாங்க வந்த முதியவர் என்னிடம் சொன்னார்: "சாமி, எனக்கு எழுபது வயசு தாண்டிருச்சு. எங்க தெரு ஆளுகளைத் தவிர்த்து, என் கையை இப்படிப் புடிச்சுப் பேசினது அந்த வெள்ளைக்காரத் தம்பி ஒருத்தர்தான்."

நான் மறுமொழி கூறவில்லை. அப்போது நான் அப்பங்கில் பணியேற்று மூன்று ஆண்டுகள் முடிந்திருந்தன.

ஒரே மனிதர், ஒரே நல்லெண்ணம், ஒரே நாளில் நிகழ்ந்த இரு தொடுதல்கள். ஒன்று ஒரு தாயின் மதிப்பைக் குலைத்தது; மற்றொன்று ஒரு முதியவருக்கு வாழ்நாள் முழுவதும் மறுக்கப்பட்டிருந்த மதிப்பைத் தந்தது. அப்படியாயின், ஒருவரை ஒருவர் தொடுவது நல்லதா, விலகி நிற்பது நல்லதா? இது வெறும் பழக்கவழக்கம் பற்றிய வினாவா, அல்லது மனச்சான்றைப் பற்றிய வினாவா? அன்று எழுந்த இவ்வினாக்கள் என்னை இன்றுவரை விடவில்லை. அவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நம் மரபின் இலக்கணம்

மனிதர் தமக்கிடையே விடும் இடைவெளியும் ஒரு மொழியே. எட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்க மானிடவியலார் 1966-இல் வெளியிட்ட நூலில் இவ்விடைவெளியை அடிக்கணக்கில் அளந்து காட்டினார். ஒன்றரை அடிக்கு உட்பட்டது மிக நெருங்கியோர்க்கு உரியது. ஒன்றரை முதல் நான்கு அடி வரை நண்பர்க்கு. நான்கு முதல் பன்னிரண்டு அடி வரை அலுவல் தொடர்பினர்க்கு. அதற்கு மேற்பட்டது பொது மேடைக்கு. ஆனால் இவ்வளவுகள் தாம் கண்ட அமெரிக்க நடுத்தர வகுப்பினருடையவை என்றும், எல்லா மக்களுக்கும் இவை பொருந்தா என்றும் அவரே எச்சரித்துள்ளார். ஒரு நாட்டில் அன்பாக விளங்குவது மற்றொரு நாட்டில் அத்துமீறலாக விளங்கும்.

நமக்கும் நம்முடைய இலக்கணம் உண்டு. நண்பர் இருவர் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதை நாம் வியப்போடு பார்ப்பதில்லை. மேலை நாட்டவர் பார்ப்பர். ஆனால் கணவனும் மனைவியும் அதே தெருவில் கைகோத்து நடந்தால் நம் சிற்றூர்கள் இன்றும் திரும்பிப் பார்க்கின்றன. குழந்தையை உச்சி முகர்கின்றோம். பாட்டிமார் பேரப்பிள்ளையின் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்கின்றனர். துக்க வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகின்றனர். ஆண்கள் வாய் பேசாமல், இறந்தவரின் மகன்மார் நீட்டிய கைகளைத் தொட்டுவிட்டு நகர்கின்றனர். நம் கத்தோலிக்க மரபிலும் தொடுதலுக்குக் குறைவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்கின்றோம். சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொள்கின்றோம். பெற்றோர் தூங்கும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைகின்றனர்.

அதே மரபு மாமியார்க்கும் மருமகனுக்கும் இடையே ஓர் இடைவெளியைப் போற்றி வைத்திருக்கிறது. அது வெறுப்பினால் விளைந்ததன்று. மருமகன் உள்ளே வந்தால் மாமியார் எழுந்து ஒதுங்குகிறார். மாமியார் இருக்கும் இடத்தில் மருமகன் குரலைத் தாழ்த்துகிறார். இருவரும் அந்த எல்லையைப் பேணுகின்றனர். அதனால் இருவரும் மதிப்புப் பெறுகின்றனர். மன்னரைச் சார்ந்து வாழ்வோர்க்கு வள்ளுவர் தீக்காய்வாரை உவமையாகக் காட்டினார். குளிர்காய்பவன் தீயிடமிருந்து மிக விலகினால் வெம்மை கிட்டாது. மிக நெருங்கினால் சுட்டுவிடும். அரசவைக்குச் சொன்ன அந்த அளவறிதல் எல்லா உறவுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, அந்தத் தாயின் கண்ணீரைப் பட்டிக்காட்டு நாணம் என்று ஒதுக்கிவிட இயலாது. கைகுலுக்குவது முன்னேற்றம், கைகூப்புவது பின்தங்கல் என்று எண்ணுவது அறியாமை. மணமகன் மீதும் குற்றமில்லை. அவர் அறிந்த மொழியில் அவர் பேசினார். பிறர் மொழியைக் கற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் ஆகும், அவ்வளவே. இந்த மட்டில் வினா எளிதாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த முதியவரின் கை இங்கே குறுக்கிடுகின்றது.

அடிக்கணக்கில் அளந்த வேறொரு கணக்கு

மானிடவியலார் அளப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் இடைவெளியை அடிக்கணக்கில் அளந்து வைத்திருந்தனர். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. 1924-இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று; கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக.

தமிழ்ச் சொல் ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 'தீண்டுதல்' என்றால் தொடுதல். அன்பான தொடுதலையும் நம் முன்னோர் அச்சொல்லால் குறித்தனர். பாம்பு கடித்தாலும் 'தீண்டியது' என்கிறோம். 'தீட்டு' என்னும் சொல்லும் இதனோடு உறவுடையதே. ஒரு மனிதனின் தொடுதலைக் குழந்தையின் தொடுதலாகவும், இன்னொரு மனிதனின் தொடுதலைப் பாம்பின் தொடுதலாகவும் உணரும்படி ஒரு சமூகம் தன் தோலைப் பழக்கிக்கொண்டது. அதற்குத் 'தீண்டாமை' என்று பெயரும் வைத்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு அதனை ஒழித்தது. சட்டத்தில் ஒழிந்தது தோலில் ஒழியவில்லை.

இதைச் சொல்லும்போது விரலை வெளியே நீட்டிவிட நமக்கு உரிமையில்லை. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட நம் ஆலயம், சாதிப் பிரிவினர் தனித்தனியே நின்று ஒரே பீடத்தை நோக்கும்படி இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. 1910-இல் அத்தடுப்பு இடிக்கப்பட்டபோது, தனி இடம் தங்கள் உரிமை என்று கோரியோர் உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். ஒரே அப்பத்தை உண்பதற்கு வந்தவர்கள், தனித்தனியே நின்று உண்பதற்காக நீதிமன்றப் படியேறினார்கள்! இறந்தோரைப் பிரிக்கும் சுவர்கள் எழுந்த கல்லறைத் தோட்டங்களும் நம்மிடையே உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறித்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருத்தலாகாது என்றும், அது திரு அவையின் நற்செய்திப் பணிக்கே பெருந்தடை என்றும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. இல்லாத நோய்க்கு எவரும் மருந்து சொல்வதில்லை.

எங்கள் ஊரில் சுவர் இல்லை. கடைசித் தூண் ஒன்று மட்டும் உண்டு. எங்கள் இறந்தோரையெல்லாம் இறுதியாகத் தாங்கி மண்ணுக்குள் இறக்கியவை அந்த முதியவரின் கைகள். என் முன்னோடியான குருவையும் அவரே இறக்கினார். எல்லாக் குடும்பத்து உடல்களையும் தொட்ட அந்தக் கைகளை எந்தக் குடும்பமும் தொட்டதில்லை.

கூப்பிய கைகளுக்குள் ஒளிந்திருப்பது

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளாக நான் அவரைக் காணும்போதெல்லாம் கைகூப்பி வணங்கியிருக்கிறேன். புன்னகையோடுதான் வணங்கினேன். அவரை நான் இழிவாக ஒருபோதும் எண்ணியதில்லை. ஆயினும் ஊரின் பெரிய வீட்டுக்காரர்கள் கை நீட்டியபோது நான் கை நீட்டினேன். வங்கி மேலாளர் வந்தபோது எழுந்து கைகுலுக்கினேன். முதியவருக்கு மட்டும் நம் பண்பாட்டின்படி கும்பிடு! அந்த வேறுபாட்டை நான் தேர்ந்துகொள்ளவில்லை. என் கைகள் தாமாகவே அறிந்திருந்தன. அதுதான் எனக்கு அச்சம் தருகின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், நம் நாட்டு வழிபாட்டுக்கென இந்திய ஆயர்கள் வேண்டிய பன்னிரண்டு அம்சங்களுக்கு 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை இசைவளித்தது. முழந்தாளிடுவதற்கு மாற்றாகக் கைகூப்பித் தலைவணங்குதல் முதலியன அவற்றால் வந்தவை. சமாதான அடையாளம் பற்றிய அம்சத்தை நம்மில் பலர் பாதியளவே அறிவோம். அதில் இரு வழிகள் கூறப்பட்டிருந்தன. ஒன்று, ஒருவரையொருவர் நோக்கிக் கைகூப்புதல். மற்றொன்று, சமாதானம் தருபவர் தம் கைகளைப் பெறுபவரின் கைகளுக்குள் வைத்தல். முதல் வழி நாடெங்கும் நிலைத்தது. இரண்டாவது வழியை நான் காண்பது அரிது. அண்டையிலுள்ள கேரளத்தின் சுரியானி மரபிலோ சமாதானம் பீடத்திலிருந்து கைக்குக் கை கடந்து கடைசி வரிசை வரை செல்கிறது.

முதல் வழி நிலைத்ததற்கு நல்ல காரணங்கள் உண்டு. அது நம் மண்ணுக்கு உரியது. ஆணும் பெண்ணும் நாணமின்றிப் பரிமாறிக்கொள்ளத் தக்கது. மற்றவருள் உறையும் இறைவனை வணங்குவது. அவரை அவருடைய எல்லைக்குள் விட்டு வைப்பது. அந்தத் தாய்க்கு அதுவே ஏற்றது. ஆனால் சாதியால் பிளவுண்ட ஊரில் அதே கும்பிடு ஒரு புகலிடமாகவும் ஆகிவிடுகிறது. தொடாமலேயே சமாதானம் சொல்லிவிடலாம். எவரைத் தொட மறுத்தோம் என்பது வெளியே தெரியாது, நமக்கே தெரியாது. குருப்பட்டத்தின்போது என் கூப்பிய கைகளை ஆயர் தம் கைகளுக்குள் பற்றிக்கொண்டதை நான் இன்றும் உணர்கின்றேன். கைகளுக்குள் கைகளைப் பெற்று நான் குருவானேன். பெற்றதைக் கடைசித் தூண் வரை கொண்டுசெல்லவில்லை.

மறுக்க முடியாத தொடுதல்

அப்படியானால் எல்லோரையும் தொட்டுவிட்டால் தீர்ந்ததா? இல்லை. தொடுதலிலும் கொடுமை உண்டு.

குருவான தொடக்க ஆண்டுகளில் ஒருநாள் மறைக்கல்வி வகுப்புக்குள் நுழைந்தேன். கேட்ட வினாவுக்குச் சரியாக விடை சொன்ன சிறுமி ஒருத்தியின் கன்னத்தைத் தட்டப்போனேன். அவள் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "சாமிகிட்ட இப்படியா நடந்துக்கிறது?" என்று ஆசிரியை அதட்டினார். சிறுமி மறுபடியும் தானே முகத்தை முன்னே நீட்டினாள். நானும் தட்டிவிட்டுச் சென்றேன். அன்று அது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. இன்று நினைக்கும்போது வெட்கப்படுகிறேன். என் எண்ணத்தில் களங்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அவள் அன்று கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பெரியவர் கை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமையில்லை. பின்னாளில் ஒரு தீயவனின் கை நீளும்போது அவளுடைய காப்பாக இருக்கவேண்டிய அந்த மறுப்பை, நாங்கள் இருவருமாகச் சேர்ந்து பிடுங்கிக்கொண்டோம்.

நம் திரு அவையில் பல நாடுகளில் அருள்பணியாளர் சிலரே சிறாருக்கு இழைத்த கொடுமைகள் வெளிவந்தபோது நாம் தலைகுனிந்தோம். அத்தகைய குற்றங்களை முறையிடவும் விசாரிக்கவும் திருத்தந்தை பிரான்சிசு 2019 மே மாதத்தில் உலகத் திரு அவை முழுமைக்கும் விதிகள் வகுத்தார். நம் நாட்டில் 2012-இல் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தை விளக்கிய உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில், தோலோடு தோல் பட்டதா என்பதன்று, பாலியல் எண்ணம் இருந்ததா என்பதே முதன்மையானது என்று தெளிவாக்கியது. தீய எண்ணம் இருந்தால் ஆடையின் மறைப்பு அதற்குப் புகலாகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நல்ல எண்ணம் இருந்தாலும் அது மட்டும் போதாது. தொடப்படுபவரின் விருப்பமும் வேண்டும். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது செயலுக்கு எண்ணம் வேண்டும், சூழல் வேண்டும் என்று கற்றோம். மற்றவரின் சுதந்திரத்தை அந்தச் சிறுமியிடம்தான் கற்கவேண்டியிருந்தது.

ஆக, தீங்கான இடைவெளிக்கும் தீங்கான தொடுதலுக்கும் வேர் ஒன்றே. ஒருவரே இருவருக்குமாக முடிவு செய்துவிடுகிறார். சாதியின் இடைவெளியை ஒரு தரப்பு அளக்கிறது. மறுதரப்பு அதில் நிற்கிறது. அத்துமீறும் தொடுதலை ஒருவர் விரும்புகிறார், மற்றவர் தாங்கிக்கொள்கிறார். எனவே, 'எங்கள் வழக்கம் இது' என்று எவரேனும் சொல்லும்போது இரு வினாக்களைக் கேட்கலாம். இந்த இடைவெளியை அளந்தவர் யார்? இந்தத் தொடுதலை மறுக்க அவருக்கு உரிமை உண்டா? மாமியாரும் மருமகனும் பேணும் இடைவெளி முதல் வினாவுக்கு நல்ல விடை தரும். இருவரும் சேர்ந்து அளந்தது அது. கடைசித் தூணின் இடைவெளியால் விடை தர இயலாது.

ஆண்டவரின் கைகள்

இவ்விரு வினாக்களோடு நற்செய்தியைப் புரட்டினால் நம் ஆண்டவரின் கைகள் புதிதாகத் தெரிகின்றன. தொழுநோயர் பாளையத்துக்கு வெளியே வாழவேண்டும், தம் தீட்டைத் தாமே உரக்கக் கூவி அறிவிக்கவேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். இடைவெளியை அளந்தவர் பிறர்; சுமந்தவர் அவர். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அப்படிப்பட்ட ஒருவர் இயேசுவிடம் வந்து, அவர் விரும்பினால் தம்மைத் தூய்மையாக்க முடியும் என்று மன்றாடுகிறார். ஒரு சொல்லாலேயே குணமாக்க வல்லவர் கையை நீட்டி முதலில் தொடுகிறார். குணமானபின் தொட்டிருந்தால் அது மருத்துவம். குணமாவதற்கு முன்னரே தொட்டதால் அது மீட்பு. அந்நிகழ்ச்சியின் முடிவையும் கவனியுங்கள். வெளியே இருந்தவர் ஊருக்குள் போகிறார். இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டனர். தொடுதலின் விலை அது.

பன்னிரு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் மறைந்து வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறார். தம்மைத் தொட்டவர் யார் என்று இயேசு கேட்கிறார். எல்லாரும் நெருக்கிக்கொண்டிருக்கையில் இது என்ன கேள்வி என்று சீடர் வியக்கின்றனர். நெருக்குதல் வேறு, தொடுதல் வேறு என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார். நம் பேருந்துகளில் நாள்தோறும் நெருக்குண்டு பயணம் செய்யும் பெண்களும் அதை அறிவர். நடுங்கி நின்ற அப்பெண்ணை அவர் கடியவில்லை, மகளே என்றழைத்தார். மறைவில் எடுத்துக்கொள்ளப்பட்டதை வெளிச்சத்தில் கொடையாக்கினார். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவிடமோ, அவருக்கு என்ன வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். பார்வையற்றவர் எதை வேண்டுவார் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் கேட்டார்.

உயிர்ப்புக்குப் பின் நிகழ்ந்த இரு சந்திப்புகளை யோவான் ஒரே அதிகாரத்தில், இருபதாம் அதிகாரத்தில், வைத்திருக்கிறார். மகதலா மரியாவிடம் தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறார் இயேசு. எட்டு நாள்களுக்குப் பின் தோமாவிடம் தம் காயங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஒருவருக்கு விலகல், ஒருவருக்கு நெருக்கம்; இரண்டும் அன்பே. மரியாவின் அன்பு வளர இடைவெளி தேவைப்பட்டது; தோமாவின் நம்பிக்கைக்கு அருகாமை தேவைப்பட்டது. தோமா உண்மையில் தொட்டாரா? யோவான் அதைச் சொல்லவில்லை. தொடலாம் என்ற அழைப்பே அவருக்குப் போதுமானதாய் இருந்திருக்கலாம். அந்தத் தோமாவின் நினைவைச் சென்னை சாந்தோமில் போற்றும் தமிழ்க் கத்தோலிக்கர் நாம்.

பஞ்சும் கையும்

முதியவர் என்னிடம் பேசிய பிறகு நான் உடனே மாறிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். தக்க தருணம் வரட்டும் என்று ஓராண்டைக் கடத்தினேன். 2020-இல் பெருந்தொற்று வந்து எனக்கு நல்லதொரு சாக்கைத் தந்தது. ஆறடி விலகி நிற்பது அன்று பிறர் உயிரைக் காக்கும் அன்பாயிற்று. அவ்வாண்டுப் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கும் கைவிடப்பட்டது. அந்த விலகலுக்கு 'சமூக இடைவெளி' என்று பெயர் சூட்டினர். உலக நலவாழ்வு நிறுவனமே விரைவில், உடல்கள் விலகினால் போதும், உறவுகள் விலக வேண்டியதில்லை என்று சொல்லை மாற்றிக்கொண்டது. நம் ஊர்களிலோ பழைய சொல்லே நிலைத்தது. "எங்களுக்கு இது புதுசா சாமி?" என்று தென்கோடித் தெருவில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிக்க இயலவில்லை.

2021 மே மாதத்தில் முதியவருக்குக் கடுங்காய்ச்சல். நோயில்பூசுதலுக்கு அழைத்தனர். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, புனித எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து அவருடைய நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினேன். விதி அதுவே, அதில் பிழையில்லை. இறையருளால் அவர் பிழைத்தெழுந்தார். சில வாரங்கள் கழித்துக் கண்டபோது, பஞ்சினால் பூச நேர்ந்ததற்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் சொன்னார்: "பஞ்சால தொட்டா என்ன சாமி? குனிஞ்சு எங்க வீட்டுக்குள்ள வந்தீங்கள்ல." தொடாமல் நின்றபோதும் நான் கடந்து வந்திருந்த தொலைவை அவர் அளந்து வைத்திருந்தார். அந்த இடைவெளியை அவர் தவறாக எண்ணவில்லை. ஏனெனில் அது அவருக்காகவும் எனக்காகவும் அளக்கப்பட்டது.

கட்டுப்பாடுகள் நீங்கியபின், 2022-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், சமாதான அடையாளத்தின் இரு வழிகளையும் மறையுரையில் விளக்கினேன். எவரையும் வற்புறுத்தவில்லை; வற்புறுத்தியிருந்தால் அந்தச் சிறுமியிடம் கற்றதை மறந்தவனாவேன். பெண்கள் சிலர் தம் பக்கத்திலிருந்தோரின் கைகளைப் பற்றிக்கொண்டனர். பெரும்பாலோர் வழக்கம்போல் கைகூப்பினர். இரண்டையும் மதித்தேன். நான் பீடத்தை விட்டு இறங்கிச் செல்ல வழிபாட்டு ஒழுங்கு இடந்தராது. ஆனால் ஆலயத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது.

உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து வாசலில் நின்றேன். முதியவர் வழக்கம்போல் கடைசியாக வந்தார், தொலைவிலேயே கைகூப்பினார். நான் என் இரு கைகளையும் விரித்து நீட்டினேன். முன்னேறிச் சென்று பற்றிக்கொள்ளவில்லை; காத்திருந்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பின் சுற்றிலும் பார்த்தார். தம் உள்ளங்கைகளை வேட்டியில் இருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு மெல்ல நீட்டி என் கைகளுக்குள் வைத்தார்.

அன்று பெருவிழா, குழி வெட்டும் வேலை இல்லை. வேட்டி சலவை செய்து வெண்மையாக இருந்தது. அந்தக் கைகளில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. எழுபது ஆண்டுகளாக நாம் அவர் கைகளில் பூசியிருந்ததையே அவர் துடைத்தார்.

அன்பு வாசகரே, அடுத்த ஞாயிறன்று சமாதான அடையாளத்தின் நேரம் வரும். உங்கள் பக்கத்திலிருப்பவர் கைகூப்ப விரும்பினால் கைகூப்புங்கள், அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் கைகூப்புமுன் ஒரு கணம் உங்களுக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் வெளியைப் பாருங்கள். அதை அளந்தவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து அளந்ததாயின் அங்கே ஆண்டவர் நிற்கிறார். மற்றவர் எவரோ உங்களுக்காக அளந்து வைத்துவிட்டுப் போனதாயின், அதைக் கடந்து கைநீட்ட வேண்டியவர் அவரல்லர், நீங்கள். நீட்டியபின் காத்திருங்கள்.